மாட்ரிட்டிலிருந்து ஒரு பகல்: தொலேடோவா, செகோவியாவா, ஆவிலாவா?

ஸ்பெயின் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் மாட்ரிட்டுக்கு மூன்று நான்கு நாட்களை ஒதுக்கிவிட்டு, அவற்றில் ஒன்றை அருகிலுள்ள பழைய நகரம் ஒன்றுக்குக் கொடுக்க நினைக்கும்போது பெரும்பாலும் இந்த மூன்று பெயர்களில் வந்து நிற்கிறார்கள். மூன்று ஊர்களும் காலையில் கிளம்பி இரவு உணவுக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் உள்ளவை. மூன்றும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றவை. செகோவியாவும் ஆவிலாவும் 1985இல், தொலேடோ அதற்கு அடுத்த ஆண்டில். எது அழகானது என்று கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் மூன்றுக்கும் வக்காலத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு பகல் மட்டும் கையில் இருக்கும்போது எந்த நகரம் எவ்வளவு தன்னைக் காட்டும், அதற்கு ஈடாக நம்மிடமிருந்து எதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்று கேட்டால்தான் முடிவுக்கு வர முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் நேரம். ரயில் ஓடும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பலரும் செய்வது. விடுதியிலிருந்து நிலையத்துக்குச் செல்வது, அதிவேக ரயிலுக்கான பைச் சோதனை, புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மூடப்படும் நுழைவாயில், இறங்கிய நிலையத்திலிருந்து பழைய ஊர் வரையிலான தூரம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும். மூன்று ஊர்களில் இரண்டுக்கு இந்தக் கூட்டுத்தொகை ரயில் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும்.

இரண்டாவது, நகரத்தின் செல்வம் எங்கே இருக்கிறது என்பது. சில ஊர்களில் பார்க்க வேண்டியவை தெருவில் நின்றபடியே கண்ணில் படும். சில ஊர்களில் அவை டிக்கெட் வாங்கி நுழைய வேண்டிய கதவுகளுக்குப் பின்னே இருக்கும். கதவுகளுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், கட்டணம் எல்லாம் உண்டு. பயண வழிகாட்டிகள் அதிகம் பேசாத இந்த வேறுபாட்டையே நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன்.

அடுத்தவை கால்களும் பருவநிலையும். மூன்று ஊர்களும் எதிரியைத் தடுப்பதற்காகக் குன்றுகளின் மீது எழுப்பப்பட்டவை என்பதால் மேடும் கல் பாவிய தெருவும் எங்கும் உண்டு, ஆனால் அளவில் வேறுபாடு பெரிது. கடைசியாக உணவு, இது புலால் உண்ணாதவர்களுக்கு மட்டுமே தீர்மானமான விஷயம்.

| | தொலேடோ | செகோவியா | ஆவிலா |
|---|---|---|---|
| மாட்ரிட்டில் ரயில் ஏறுமிடம் | அதோச்சா | சமார்த்தின் | பெரும்பாலும் சமார்த்தின் |
| ரயில் நேரம் | சுமார் 35 நிமிடம் | சுமார் 30 நிமிடம் | சுமார் ஒன்றரை மணி நேரம் |
| நிலையத்திலிருந்து பழைய ஊர் | ஏற்றத்தில் 20–25 நிமிட நடை | ஊருக்கு வெளியே. பேருந்து கட்டாயம் | சமதளத்தில் 15–20 நிமிட நடை |
| கடல்மட்டத்திலிருந்து உயரம் | சுமார் 530 மீட்டர் | சுமார் 1,000 மீட்டர் | சுமார் 1,130 மீட்டர் |
| செல்வம் இருப்பது | கதவுக்கு உள்ளே | பெரும்பாலும் வெளியே | சுவரின் மேலும் வெளியேயும் |
| ஊருக்குள் தேவையான நேரம் | ஏழெட்டு மணி நேரம் | ஐந்து மணி நேரம் | மூன்று முதல் நான்கு மணி நேரம் |

## தொலேடோ: கதவுகளின் நகரம்

தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடும் பாறைக்குன்றின் மீது தொலேடோ இருக்கிறது. ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்து அரசர்களின் தலைநகராகவும், பின்பு முஸ்லிம் ஆட்சியின் முக்கிய நகராகவும் விளங்கி, 1085இல் ஆறாம் அல்போன்சோவின் கைக்கு வந்தது. 1561இல் இரண்டாம் ஃபிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றியபோது தொலேடோ தன் அரசியல் இடத்தை இழந்தது. அந்த இழப்பே பிற்காலத்துக்கு வரமாக அமைந்தது என்று சொல்லலாம். இடித்துக் கட்டும் அளவுக்குப் பணமும் தேவையும் வராததால் பழைய தெருவமைப்பு பெருமளவு அப்படியே தங்கிவிட்டது.

இந்த ஊரின் சிறப்பு மூன்று மதங்களின் கட்டடங்கள் கூப்பிடு தூரத்தில் நிற்பதும், அவை ஒன்றின் கலையை மற்றொன்று கடன் வாங்கியிருப்பதும் ஆகும். கிறிஸ்து தெ லா லூஸ் என்று இன்று அழைக்கப்படும் சிறு கட்டடம் 999இல் பள்ளிவாசலாக எழுந்தது. சாந்தா மரியா லா பிளாங்கா யூதர்களின் தொழுகைக்கூடமாகக் கட்டப்பட்டுப் பின்பு தேவாலயமாக மாற்றப்பட்டது. வெண்சுண்ணம் பூசிய அதன் குதிரைலாட வளைவுகளைப் பார்ப்பவர் அதைப் பள்ளிவாசல் என்றே முதலில் நினைப்பார். சற்றுத் தள்ளியிருக்கும் எல் திரான்சித்தோ தொழுகைக்கூடத்தை, அரசன் பேத்ரோவின் கருவூல அதிகாரியாக இருந்த சாமுவேல் ஹலேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பினார்; அதன் சுவர்களில் எபிரேய எழுத்துகள் இஸ்லாமியப் பாணிச் சுதை வேலைப்பாட்டுக்குள் ஓடுகின்றன. 1492இல் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு அதைக் கட்டிய சமூகமே அங்கு இல்லாமல் போயிற்று.

பேராலயத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். 1226ஆம் ஆண்டளவில் தொடங்கி 1493இல் முடிந்த கோதிக் கட்டடம் அது. 18ஆம் நூற்றாண்டில் நார்சிசோ தொமே என்ற சிற்பி, பலிபீடத்துக்குப் பின்புறம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகக் கூரை வளைவையே வெட்டித் திறந்து, அந்தத் துளையைச் சுற்றித் தேவதூதர்களின் கூட்டத்தை நிறுத்திவிட்டார். நல்ல வெயில் நாளில் இதைப் பார்க்க வேண்டும். திருப்பண்ட அறையில் எல் கிரேக்கோவின் ஓவியங்கள் இருக்கின்றன, இறந்த கர்தினால்கள் சிலரின் கல்லறைகளுக்கு மேலே அவர்களுடைய தொப்பிகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. உள்ளே நுழையாமல் வெளியே நின்று படம் எடுத்துத் திரும்புபவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

எல் கிரேக்கோவைத் தேடி வருபவர்கள் சாந்தோ தொமே தேவாலயத்துக்குப் போக வேண்டும். கிரீட் தீவில் பிறந்த அந்த ஓவியர் 1577இல் தொலேடோ வந்து, 1614இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1586க்கும் 1588க்கும் இடையில் அவர் வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’, எந்தப் பிரபுவின் கல்லறைக்காக வரையப்பட்டதோ அந்தக் கல்லறைக்கு மேலேயே இன்றும் இருக்கிறது. ஒரே ஓவியத்துக்கு ஒரு டிக்கெட்டா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை; வேறு எங்கும் எடுத்துச் செல்லப்படாமல் தனக்குரிய இடத்திலேயே நிற்கும் பெரிய ஓவியங்கள் ஐரோப்பாவில் குறைவு.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை. பேராலயத்துக்கே பத்து யூரோவுக்கு மேலாகும், மற்றவை தனித்தனியே சிறு தொகைகள். கையில் கட்டிக்கொள்ளும் பட்டை வடிவிலான கூட்டு டிக்கெட் ஒன்று விற்கப்படுகிறது. சாந்தோ தொமே, சாந்தா மரியா லா பிளாங்கா, கிறிஸ்து தெ லா லூஸ், சான் ஹுவான் தெ லோஸ் ரெயேஸ் மடம் போன்றவை அதில் அடங்கும். பேராலயமும் திரான்சித்தோவும் எல் கிரேக்கோ அருங்காட்சியகமும் அதில் அடங்காது. நான்கு இடங்களுக்குக் குறைவாகப் பார்க்கப் போகிறவர் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. பட்டையை அவிழ்த்தால் செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கிழமை. திரான்சித்தோவும் எல் கிரேக்கோ அருங்காட்சியகமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாட்டின் காரணமாகப் பேராலயம் பிற்பகலில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கும். ஆகவே தொலேடோவுக்குச் செவ்வாய் முதல் சனி வரையிலான நாட்களே பொருத்தம்; சனிக்கிழமைக் கூட்டத்தைக் கருதினால் வாரநாள் இன்னும் மேல்.

மூன்றாவது, ஏற்றம். 1919இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம், இஸ்லாமியக் கலையின் சாயல் கொண்ட முதேகார் பாணியில் அமைந்த அழகான கட்டடம், ஆனால் அது ஆற்றுக்கு அப்பால் தாழ்வில் இருக்கிறது. அல்காந்தரா பாலத்தைக் கடந்து சொகோதொவேர் சதுக்கம் வரை ஏறுவது இளைஞர்களுக்கு இன்பம்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாள் தொடங்கும் முன்பே அலுப்பு. நிலையத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு. மேலும் நகரின் வடக்குப் பக்கம் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவந்துவிடும் எஸ்கலேட்டர்கள் அமைக்கப்பட்டுள்ளன. மேலே ஏறிய பிறகும் சமதளம் என்று எதுவும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கு வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அந்தப் பருவத்தில் இந்த ஏற்ற இறக்கம் சென்னை வெயிலில் பழகியவரையும் சோர்வடையச் செய்யும்.

மாட்ரிட்டின் பிளாசா எலிப்திகாவிலிருந்து கிளம்பும் பேருந்து மலிவானது, அடிக்கடி உள்ளது. வழியில் நிற்காத நேர்ப் பேருந்தா, ஊர் ஊராக நின்று போவதா என்று கேட்டு ஏறினால் அரை மணி நேரம் மிஞ்சும். ரயிலில் வருவதென்றால் இருக்கை எண்ணோடுதான் டிக்கெட். வார இறுதிகளில் காலை ரயிலும் மாலை ரயிலும் நிரம்பிவிடும் என்பதால் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அந்தத் திரும்பும் ரயிலை முடிந்தவரை தாமதமாக வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு தெருக்கள் காலியாகும், ஆற்றின் மறுகரையில் உள்ள மிராதோர் தெல் வாயே என்ற காட்சிமேட்டிலிருந்து முழு நகரமும் சாய்ந்த வெயிலில் தெரியும். அங்கே போய்வர டாக்சி தேவைப்படும். கொடுக்கத் தகுந்த காசு.

## செகோவியா: தெருவில் நிற்கும் நகரம்

செகோவியாவின் முதல் காட்சிக்கு டிக்கெட் இல்லை. ரோமானியர்கள் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரக் கட்டிய நீர்ப்பாலம் அசோகேஹோ சதுக்கத்துக்கு மேலே 28 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், இரண்டு அடுக்கு வளைவுகளாக நிற்கிறது. கருங்கற்களுக்கு இடையே சுண்ணச்சாந்து கிடையாது. எடையும் அடுக்கிய முறையும்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நெருக்கமாக அதைத் தாங்கி வருகின்றன. 11ஆம் நூற்றாண்டில் தொலேடோவின் முஸ்லிம் அரசர் படையெடுத்தபோது ஒரு பகுதி இடிந்ததாகச் சொல்லப்படுகிறது. இடிந்துபோன 36 வளைவுகள் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரும்பக் கட்டப்பட்டன. பக்கத்திலுள்ள படிகளில் ஏறிப் பார்த்தால் பாலம் எத்தனை ஒல்லியானது என்று தெரிந்து வியப்பு கூடும்.

அங்கிருந்து நாளின் வழி தானாகவே அமைந்துவிடும். கடைத்தெரு மெல்ல ஏறிச் சென்று, முகப்பு முழுவதும் கூர்ங்கற்கள் பதித்த பிகோஸ் மாளிகையையும் சான் மார்த்தின் தேவாலயத்தையும் கடந்து பெருஞ்சதுக்கத்தை அடைகிறது. அங்கே பேராலயம் நிற்கிறது. அரசருக்கு எதிராக நகரங்கள் எழுப்பிய கொமுனேரோஸ் கிளர்ச்சியில் பழைய பேராலயம் சேதமடைந்ததால் 1525இல் புதிதாகத் தொடங்கப்பட்ட இது, மறுமலர்ச்சிப் பாணி பரவிவிட்ட காலத்திலும் பிடிவாதமாகக் கோதிக் முறையில் எழுப்பப்பட்டது. பழைய பேராலயத்தின் சுற்றுத் தாழ்வாரத்தைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். மேலும் கால் மணி நேரம் நடந்தால் இரண்டு ஆறுகள் சேருமிடத்தின் பாறை முனையில் அல்காஸர் கோட்டை. 1474 டிசம்பரில் இசபெல்லா இங்கிருந்து புறப்பட்டுச் சென்றுதான் அன்றைய ஸ்பானிய அரசுகளில் ஒன்றான காஸ்தீலின் அரசியாக அறிவிக்கப்பட்டார்.

கோட்டையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1862இல் பெருந்தீ ஒன்று அதன் கூரைகளை அழித்துவிட்டது. இன்று உள்ளே காணும் பொன்வேலைக் கூரைகளில் பல, பிற்காலத்தில் பழைய வரைபடங்களைப் பார்த்துச் செய்தவை அல்லது வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்தவை. நேரமோ பணமோ குறைவாக இருந்தால் உள்ளறைகளைக் கைவிட்டு, 150க்கும் மேற்பட்ட படிகள் கொண்ட கோபுரத்தில் மட்டும் ஏறலாம். அதையும் விடச் சிறந்தது, எரேஸ்மா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, பன்னிரு பக்கங்கள் கொண்ட வேரா குரூஸ் தேவாலயத்தின் அருகிலிருந்து கோட்டையை அண்ணாந்து பார்ப்பது. இறங்கியவர் ஏறியாக வேண்டும் என்பதுதான் அதன் விலை.

செகோவியாவின் மறைமுகச் செலவு ரயில் நிலையத்தில் இருக்கிறது. அதிவேக ரயில் நிற்கும் கியோமார் நிலையம் வயல்வெளியில், ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி உள்ளது. ரயில்களின் நேரத்தை ஒட்டி வரும் பேருந்து நீர்ப்பாலத்தின் அருகே இறக்கிவிடும். அதைத் தவறவிட்டால் டாக்சிதான். மாட்ரிட்டின் மோன்க்ளோவாவிலிருந்து வரும் பேருந்து ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், நீர்ப்பாலத்துக்குச் சில நிமிட நடையில் உள்ள நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. மோன்க்ளோவா பக்கம் தங்கியிருப்பவருக்கு ரயிலால் மிஞ்சும் நேரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, செலவோ கூடுதல். செகோவியாவுக்குப் பேருந்து, தொலேடோவுக்கு ரயில் என்பது என் தேர்வு.

இங்கு மதிய உணவு ஒரு சடங்கு. பால்குடி மாறாத பன்றிக்குட்டியை விறகடுப்பில் சுட்டு, தட்டின் விளிம்பாலேயே வெட்டிப் பரிமாறுவது இந்த ஊரின் பெருமை. பெயர்பெற்ற உணவகங்களில் வார இறுதிக்கு முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது, சாப்பாடு இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்; அந்த நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை விரும்பாதவருக்கு அந்த நேரம் அப்படியே மிஞ்சுகிறது. அதை 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லா கிராங்ஹா அரண்மனைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம்.

## ஆவிலா: ஒரே ஒரு சுவர்

ஆவிலாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், அது குறையும் அன்று. சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் நீளமும் 88 கோபுரங்களும் 9 வாயில்களும் கொண்ட இடைக்காலக் கோட்டைச்சுவர் பழைய ஊரை முழுவதுமாகச் சுற்றி நிற்கிறது. அதன் சில பகுதிகளின் மேல் நடக்கலாம். பேராலயத்தின் பின்பகுதியே சுவரின் ஒரு கொத்தளமாக வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே போனால் செந்நிறக் கறை படிந்த வெண்கற்களால் ஆன வளைவுகள் காத்திருக்கின்றன. ஊருக்கு வெளியே ஆற்றுக்கு அப்பால் உள்ள ‘நான்கு தூண்கள்’ என்ற மேட்டிலிருந்து சுவர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். இவற்றுக்கு மேல் பொதுப் பயணியைக் கட்டிப்போட இங்கு அதிகம் இல்லை.

ஆனால் கத்தோலிக்கப் புனிதரான ஆவிலா தெரேசாவுக்காக வருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1515இல் இங்கே பிறந்து, 1562இல் சான் ஹோசே மடத்தை நிறுவிக் கார்மேல் துறவற சபையின் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர் அவர். பிறந்த வீட்டின் இடத்தில் எழுந்த ஆலயம், நீண்ட காலம் வாழ்ந்த என்கார்னசியோன் மடம், சான் ஹோசே மடம் என மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். அவருடைய சபை தமிழ்நாட்டிலும் இருப்பதால், இங்கே வருவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு மற்ற இரண்டு நகரங்களோடு ஒப்பிட வேண்டிய தேவையே எழாது.

ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களில் மிக உயரத்தில் இருப்பது இதுவே. ஆகஸ்ட் மாதத்தில் தொலேடோ கொதிக்கும்போது இங்கு மாலைக் காற்று குளிரும். ஜனவரியில் சுவரின் மேல் நிற்பது தண்டனை. ரயிலில் போகவர மூன்று மணி நேரம் என்பதால் ஊருக்குள் செலவிடும் நேரமும் பயண நேரமும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன.

## இரண்டு நகரங்களை ஒரே நாளில் பார்ப்பது

மாட்ரிட்டில் தொலேடோவையும் செகோவியாவையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்கள் ஏராளமாக விற்கப்படுகின்றன. மாட்ரிட்டுக்குத் தெற்கே ஒன்று, வடக்கே மற்றொன்று. தனியாகப் போவதென்றால் ரயிலில் அதோச்சாவுக்குத் திரும்பி, சமார்த்தினுக்கு மாறி, மீண்டும் ஏற வேண்டும். சுற்றுலாப் பேருந்தில் இந்தத் தொல்லை இல்லாவிட்டாலும், தொலேடோவுக்குக் கிடைக்கும் நேரம் பேராலயத்துக்கும் ஓவியத்துக்குமே போதாது. கதவுகளின் நகரத்தைக் கதவுகளுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதில் முடியும். எனவே இந்தச் சேர்க்கையை நான் யாருக்கும் சொல்வதில்லை. செகோவியாவையும் ஆவிலாவையும் சேர்ப்பது அப்படியன்று. இரண்டுக்கும் இடையே 65 கிலோமீட்டர்தான், இரண்டும் வெளியே நின்று பார்க்கத் தகுந்தவை, வாடகைக் கார் இருந்தால் நிதானமாகவே முடியும்.

## யாருக்கு எது

முதல் முறை ஸ்பெயின் வருபவர், வரலாற்றில் ஆர்வம் உள்ளவர், முழு நாளையும் தரத் தயாராக இருப்பவர் ஆகியோருக்குத் தொலேடோவே என் முடிவு. செப்டம்பர் பின்பாதி முதல் மே வரை யோசிக்காமல் போகலாம். வயதான பெற்றோரோடு அல்லது சிறு குழந்தைகளோடு வருபவருக்குச் செகோவியா மேல். ஏற்றம் மிதமானது, வழி ஒன்றுதான், யாராவது களைத்துப்போய்ப் பாதியில் உட்கார்ந்துவிட்டாலும் முக்கியமானதைப் பார்த்துவிட்டிருப்பார்கள். நாள் திங்கள் அல்லது ஞாயிறாக இருந்தாலும், உச்சக் கோடையாக இருந்தாலும், காலையில் தாமதமாக எழுந்துவிட்டாலும் செகோவியாதான். ஆவிலா, தெரேசாவின் அடியார்களுக்கும், மற்ற இரண்டையும் முன்பே பார்த்தவர்களுக்கும், சாலமான்கா செல்லும் வழியில் ரயிலை விட்டு இறங்கிச் செல்லக்கூடியவர்களுக்கும் உரியது.

புலால் உண்ணாதவர்கள் மூன்று ஊர்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்பகுதியின் அவரைக் குழம்பும் பூண்டு சூப்பும் பெயரில் சைவமாகத் தோன்றினாலும் பன்றி இறைச்சியோடு சமைக்கப்படுவதே வழக்கம். தொலேடோவில் காய்கறிகளை வதக்கிச் செய்யும் பிஸ்தோ கிடைக்கும், மேலே முட்டை வைப்பார்கள் என்பதால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரின் பாதாம் இனிப்பான மசபான் வாங்கித் திரும்பத் தகுந்தது. செகோவியாவின் போன்சே கேக்கிலும் ஆவிலாவின் யேமா என்ற இனிப்பிலும் முட்டை உண்டு.